கூடத்துக் கூரையில் ஏறிய ஞாயிறுகள்

எங்கள் காலனியின் சமுதாயக் கூடத்துக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள் என்று அம்மா போன் செய்தபோது நான் வேலையில் இருந்தேன். ஒரு பம்பைக் கழற்றிப் போட்டு, கை முழுக்க கிரீஸ். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்டேன்.

"இன்னா எழுதிகீது?"

"எனுக்கு இன்னா தெரியும்? செவப்பு எழுத்துல கீது. பக்கத்து வூட்டுப் பொண்ணு படிச்சிட்டு இடிக்கப் போறாங்கன்னு சொல்லுது."

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள். நெம்மேலி தாண்டி ஒரு கம்பெனியில் பம்பு, வால்வு, குழாய் எல்லாம் பார்க்கிறேன். உப்புக் காற்றில் இரும்பு என்ன ஆகும் என்பதைப் பார்ப்பதுதான் என் பிழைப்பே. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கூடத்துக்குப் போனேன். நோட்டீசில் இடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கட்டடம் மிகவும் பழுதடைந்துள்ளது, மேற்கூரை ஒழுகுகிறது, பயன்படுத்தத் தகுதியற்றது, யாரும் உள்ளே நுழையக் கூடாது. அவ்வளவுதான். ஆனால் ஈசிஆர் ரோட்டை ஒட்டிய ஒரு கட்டடத்துக்குள் யாரும் நுழையக் கூடாது என்றால் அடுத்து என்ன வரும் என்று எங்கள் காலனியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு பக்கமும் ரிசார்ட் வந்துவிட்டது. நடுவில் எங்கள் கூடம் மட்டும் தகரக் கூரையோடு நின்றுகொண்டிருந்தது.

அந்தக் கூடம் ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவும் அறுப்பும் செய்தவர்கள். எங்கள் காலனியில் எல்லாரும் அப்படித்தான். ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. எங்கள் ஆட்கள் போய்க் கேட்டால் அந்தத் தேதி புக் ஆகிவிட்டது என்பார்கள். வேறு தேதி சொன்னால் அதுவும் புக். ஒருமுறை அப்பா, "நீங்களே ஒரு தேதி சொல்லுங்க, அன்னிக்கு வெச்சிக்கிறோம்" என்று கேட்டாராம். அதற்கு அந்த மண்டபத்து ஆள் சிரித்தாராம். அப்பா திரும்பி வந்து யாரிடமும் பேசாமல் ரெண்டு நாள் இருந்திருக்கிறார். மூன்றாம் நாள் காலனிப் புறம்போக்கில் முள்ளை வெட்ட ஆரம்பித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சுவர் எழுப்பி, இரும்பு ஆங்கிள் போட்டு, மேலே நெளித்தகரம் அடித்தார்கள். சாமி கும்பிடுகிற வீட்டுக் கல்யாணமும் சர்ச்சுக்குப் போகிற வீட்டுக் கல்யாணமும் அங்கேதான். காதுகுத்து, கருமாதி, தேர்தல் நேரத்தில் பூத், மழைக்காலத்தில் வெள்ளம் வந்த வீடுகளின் பெண்டுபிள்ளைகள் படுப்பது, எல்லாம் அங்கேதான்.

ஒழுகுவது உண்மை. நோட்டீஸ் எழுதியவர் பொய் சொல்லவில்லை. புயல் வந்த வருஷங்களில் கூரை ஆட்டம் கண்டது. யார் யாரோ மேலே ஏறி எதையோ அப்பிவிட்டு இறங்கியிருந்தார்கள். மழை பெய்தால் உள்ளே பந்திப் பாயை நகர்த்தி நகர்த்திப் போட வேண்டியிருந்தது. அதற்காக நானே வெட்கப்பட்டிருக்கிறேன். ஆனால் ஒழுகினால் அடைக்க வேண்டும். இடிக்கவா வேண்டும்?

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த இன்ஜினியர் என்னைவிட வயதில் சின்னவர். மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார்.

"கூரைதானே சார் பழுது? கூரையச் சரி பண்ணா போதும்ல?"

"அது ரிப்பேருக்குத் தாங்காதும்மா. ஷீட்டெல்லாம் துரு."

"மேல ஏறிப் பாத்தீங்களா?"

"கீழேருந்து பார்த்தாலே தெரியுதே."

"நான் ஃபிட்டர் சார். மேலாப்புல பூத்த துரு வேற, உள்ள வரைக்கும் தின்ன துரு வேற. கீழேருந்து ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "புதுசாவே கட்டித் தருவாங்கம்மா. இதைவிட நல்லா இருக்கும்."

"எங்க?"

"இடம் பார்த்துட்டிருக்காங்க."

"எப்ப?"

"நிதி வந்ததும்."

நான் கேட்டது ரெண்டே கேள்வி. ரெண்டுக்கும் பதில் இல்லை. இடிப்பதற்கு மட்டும் இடம் பார்க்கவும் வேண்டாம், நிதி வரவும் வேண்டாம்.

"மழை பெய்யும்போது ஒழுகலன்னா?" என்றேன்.

"என்னது?"

"ஒழுகுதுன்னுதானே நோட்டீஸ். ஒழுகலன்னா அந்த நோட்டீசுக்குக் காரணம் இல்லைல்ல?"

சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. என்னை எழுந்து போக வைக்க வேண்டும் என்கிற சிரிப்பு. "சரி, மழை ஆரம்பிச்சதும் நானே வந்து பார்க்கிறேன். ஆனா அதுவரைக்கும் அனுமதி இல்லாம யாரும் அந்தக் கட்டடத்துல கை வைக்கக் கூடாது."

"சரி சார்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். நான் சரி என்றது மழைக்கு வந்து பார்க்கிறேன் என்றதற்கு மட்டும்.

அன்றைக்கே தம்பிக்குப் போன் செய்தேன். தம்பி கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். பொத்தேரிப் பக்கம் ஃபிளாட் வாங்கிக் குடியிருக்கிறான். எங்கள் காலனியில் அந்த மாதிரி வேலைக்குப் போன முதல் ஆள் அவன்.

"விட்டுடுக்கா" என்றான். "இப்ப யாரு நம்மளுக்கு மண்டபம் தர மாட்டேங்கறா? போன்ல புக் பண்ணா முடிஞ்சுது."

"உனுக்குக் குடுப்பான். உன் ஆபீஸ் கார்டைக் காட்டினா குடுப்பான். இங்க கீறவங்க எத்தக் காட்டுவாங்க?"

"அந்தத் தகரக் கொட்டாய்க்காக மேலேருந்து விழுந்து காலை ஒடச்சுக்காத. அவ்ளோதான் சொல்லுவேன்."

போனை வைத்துவிட்டான்.

முதல் ஞாயிறு காலை வெளிச்சம் வந்ததும் ஏணியை எடுத்துக்கொண்டு போனேன். கூடத்துச் சாவி ஒரு ஆட்டோக்கார அண்ணாத்தயிடம் இருக்கும். அவர் சாவியைக் கொடுக்காமல் வாசலில் நின்றார்.

"நோட்டீஸ் ஒட்டிக்கீறான். நீ பாட்டுக்கு ஏறுறியே, போலீஸ் வந்தா யாரு பேசறது? அதுவுமில்லாம ஒரு பொம்பள கூரை மேல ஏறினா பாக்கறவன் இன்னா சொல்லுவான்?"

"உள்ள நுழையக் கூடாதுன்னுதானே போட்டுக்கீது அண்ணாத்த? மேல ஏறக் கூடாதுன்னு எங்க போட்டுக்கீது?"

அவர் நோட்டீசைத் திரும்ப ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியைப் பிடித்தார். கீழே நின்ற அம்மா, "பொடவையத் தூக்கிச் செருவிகினு நான் ஏறாத கூரையா? இந்தத் தகரம் அடிக்கும்போது மேலகீறவனுக்கு போல்ட்டு எடுத்துக் குடுத்தது யாருன்னு கேளு" என்று ஆரம்பித்துவிட்டாள்.

நான் பழைய யூனிஃபார்ம் பேண்ட் போட்டிருந்தேன். இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனையை அண்ணாத்த எதிர்ப்பக்கத் தூணில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். தகரத்தின் மேல் கண்ட இடத்தில் கால் வைக்கக் கூடாது. அடியில் ஆங்கிள் ஓடுகிற வரிசை போல்ட்டுகளைப் பார்த்தால் தெரியும். அந்த வரிசை மேல் ஒரு பலகையைப் போட்டு, அதில் முட்டி போட்டு நகர வேண்டும். மேலே போய்ப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். பாதிக்கு மேல் ஷீட் நன்றாகவே இருந்தது. சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தேன், கணீரென்று கேட்டது. கெட்டுப்போனது போல்ட்டுகளின் அடியில் இருந்த தார் வாஷர்கள். வெயிலில் காய்ந்து வறட்டி மாதிரி உடைந்திருந்தன. முன்பு ரிப்பேர் செய்த யாரோ ஒரு புண்ணியவான் நெளியின் மேட்டில் போடாமல் பள்ளத்தில் ஓட்டை போட்டு போல்ட் அடித்திருந்தான். தண்ணீர் ஓடுகிற வழியிலேயே ஓட்டை போட்டால் ஒழுகாமல் என்ன செய்யும்?

அன்றைக்கு முழுக்க அடைப்பு வேலையே செய்யவில்லை. கழுவினேன். கடல் பக்கத்து வீடுகளில் பெயிண்ட் ஏன் நிற்பதில்லை என்றால் கழுவாமல் அடிப்பதால்தான். உப்பு அடியில் உட்கார்ந்துகொண்டு மேலே கொப்புளம் கிளப்பும். அம்மாவும் நாலைந்து பெண்களும் குடத்தில் நல்ல தண்ணீர் ஏற்றிவிட, நான் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். பத்து மணிக்குத் தகரம் சுட ஆரம்பித்தது. பேண்டைத் தாண்டி முட்டி வெந்தது. இறங்கிவிட்டேன். ரோட்டில் போன ஒரு கார் நின்று, உள்ளே இருந்தவர்கள் எங்களை போட்டோ எடுத்தார்கள். எடுக்கட்டும் என்று அந்தப் பக்கமே பார்த்து நின்றேன்.

இரண்டாவது ஞாயிறு தம்பி வந்தான். கூப்பிடாமலே வந்தான். வெள்ளை ஷூ போட்டிருந்தான். அம்மா போன் செய்து அழுதிருப்பாள் என்று நினைக்கிறேன், இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உயரம் என்றால் தலை சுற்றும். அதனால் நான் மேலே, அவன் கீழே.

ஒழுகுகிற இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. கீழே சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. தண்ணீர் ஓட்டை வழியே இறங்கி, ஆங்கிள் மேலேயே ஓடி, வேறெங்கோ போய்ச் சொட்டும். அதனால் நான் ஒவ்வொரு வரிசையாகச் செம்பில் தண்ணீர் ஊற்றுவேன். உள்ளே இருந்து அவன் சத்தம் கொடுப்பான். சாக்பீசால் தரையிலும் ஆங்கிளிலும் குறி போடுவான். நோட்டீஸ் உள்ளே நுழையக் கூடாது என்றதை அதற்குள் எல்லாருமே மறந்துவிட்டிருந்தோம்.

"ஒழுகுதா?"

"இல்ல."

"இப்ப?"

"ஒழுகுது. சுவத்துலேருந்து மூணாவது."

இப்படிக் கொஞ்ச நேரம் போயிற்று. தகரத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். முகம் தெரியாததாலோ என்னவோ, பல வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன்.

"உன் கல்யாணத்த ஏண்டா இங்க வெக்கல?"

 "ஒழுகும்னுதான்" என்றான்.

"உன் கல்யாணம் சித்திரை மாசம்."

கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த அண்ணாத்த வேறு பக்கம் பார்த்தார். 

"நீ மேல கீற. உனுக்கு இன்னா தெரியும்?" என்று கீழே இருந்து வந்தது. அவன் வாயிலிருந்து எங்கள் பேச்சு வந்து வெகு காலம் ஆகியிருந்தது. ஃபிளாட்டுக்குப் போன பிறகு 'வூடு' என்று அவன் சொல்லி நான் கேட்டதே இல்லை. "என் ஆபீஸ்ல இருந்து அம்பது பேரு வருவான். காலனிக்குள்ள வண்டி நுழையும்போதே அவனுக்குத் தெரிஞ்சிபூடும் நான் யாருன்னு. அடுத்த நாள் டீ குடிக்கும்போது ஒருத்தன் ஒரு மாதிரி பாப்பான். நான் அத தெனமும் பாத்துகினு வேலை செய்யணும். நீ செய்வியா?"

"நான் தெனமும் செய்யறேன்டா" என்றேன். "நான் வேலை செய்யற எடத்துல எல்லாருக்கும் தெரியும் நான் எந்தக் காலனின்னு. முதல் வருஷம் என் தண்ணி பாட்டில தனியா வெச்சானுங்க. நான் அந்தப் பாட்டில எடுத்து நடு டேபிள்ல வெச்சேன். தெனமும் வெச்சேன். அவனுங்களுக்குத்தான் சலிச்சிப் போச்சி."

 அப்பா முள் வெட்டின கதையைச் சொல்லலாமா என்று நினைத்தேன். வேண்டாம், அது அவனுக்கும் தெரியும். அவன் பயந்ததும் பொய் இல்லை. ரெண்டும் எனக்குப் புரிந்தது, ஆனாலும் கோபம் போகவில்லை. அடுத்த வரிசையில் தண்ணீர் ஊற்றினேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "இங்க ஒழுகுது. ஆறாவது" என்றான். 

அன்றைக்கு மொத்தம் முப்பத்தொரு குறி போட்டோம். கிளம்பும்போது அவனுடைய வெள்ளை ஷூ துருத் தண்ணீரில் செங்கல் நிறமாகியிருந்தது. அதைத் துடைக்காமலே போய்விட்டான். ஆனால் அடுத்த ரெண்டு ஞாயிறும் வந்தான், செருப்புப் போட்டுக்கொண்டு.

அந்த ரெண்டு ஞாயிறுகளில் வேலை முடிந்தது. காய்ந்த வாஷரையெல்லாம் எடுத்துவிட்டு ரப்பர் வைத்த புது வாஷர் போட்டு முடுக்கினேன். இளகிப்போன போல்ட்டுகளை மாற்றினேன். பள்ளத்தில் இருந்த ஓட்டைகளுக்குத் தகரத் துண்டு வைத்து ரிவெட் அடித்தேன். துருவைத் தேய்த்த இடத்துக்கு ரெட் ஆக்சைடு. ஷீட்டும் ஷீட்டும் சேருகிற இடத்திலும் ஒட்டுப் போட்ட இடத்திலும் தார் பூசி, ஈரத்திலேயே துணி ஒட்டி, அதன் மேல் மறுபடி தார். துணிக்காகக் காலனியில் பழைய வேட்டி கேட்டோம். வீட்டுக்கு ஒன்று வந்தது. அதைக் கிழித்து நீளப் பட்டைகளாக்கிக் கொடுத்தது அம்மா. மூன்று ஷீட் மட்டும் உண்மையாகவே தின்னப்பட்டிருந்தது. விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டோம். இன்ஜினியர் சொன்னதில் மூன்று ஷீட் அளவுக்கு உண்மை இருந்தது.

ஐப்பசி மழை ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை பிடித்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் அந்த இன்ஜினியர், அதைச் சொல்லியாக வேண்டும். மதியத்துக்கு முன்பே குடையோடு வந்துவிட்டார். கூட ஒரு ஊழியர். நான் லீவு சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். காலனியில் பாதிப் பேர் கூடத்துக்குள் நின்றார்கள், ஆபீஸ் போகிற வழியில் வந்த தம்பியும். அம்மா நடுவில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

இன்ஜினியர் கையில் கண்ணாடித்தாள் உறை போட்ட ஒரு ஃபைல். மழை நீர் வழிந்த அந்த உறைக்குள் டைப் அடித்த தாள் தெளிவாகத் தெரிந்தது. 'ஆய்வு செய்ததில்' என்று ஆரம்பித்து 'தகுதியற்றது' என்று முடிந்திருந்தது. அடியில் கையெழுத்துப் போட இடம்.

"சார், நீங்க இன்னும் மேல நிமிந்தே பாக்கல. அதுக்குள்ள ஆய்வு முடிஞ்சிடுச்சா?"

அவர் ஃபைலைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். "அது சும்மா டிராஃப்ட்டும்மா."

நிமிர்ந்து பார்த்தார். எல்லாரும் அவரோடு சேர்ந்து நிமிர்ந்தோம். தகரத்தின் மேல் மழை கொட்டுகிற சத்தம். உள்ளே ஒரு சொட்டு இல்லை. அவர் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு நடந்தார். மேடைப் பக்கம் திரும்பும்போது டப் என்று அவருடைய தோளில் ஒரு சொட்டு விழுந்தது. 

"ஒழுகுது பாருங்க" என்றார். அவர் குரலில் சந்தோஷம்கூட இல்லை, நிம்மதிதான் இருந்தது. வந்த வேலை முடிந்த நிம்மதி.

நான் சாக்பீஸை எடுத்து, அவர் நின்ற இடத்தில், அவர் காலடிக்குப் பக்கத்திலேயே வட்டம் போட்டேன். "ஒண்ணு" என்றேன். "முந்தி முப்பத்தொண்ணு இருந்துச்சி, தரையில குறி இன்னும் கீது, எண்ணிக்குங்க. இப்ப ஒண்ணு. ஒண்ணுன்னு எழுதுங்க."

"அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா."

"ஒழுகுதுன்னு எழுதலாம், எத்தினி எடத்துலன்னு எழுதக் கூடாதா?"

கூட வந்த ஊழியர், "இதையெல்லாம் யாரு பண்ணது? அனுமதி வாங்கினீங்களா?" என்று கேட்டார்.

அம்மா சேரில் இருந்தபடியே பேசினாள். "இன்னாப்பா அனுமதி? நாங்க கல்லு சொமந்து கட்டும்போது ஒருத்தனும் வந்து இன்னா ஏதுன்னு கேக்கல. ஒட்டுப் போடும்போது வந்து கேக்கறியா?"

யாரோ சிரித்தார்கள். இன்ஜினியர் சிரிக்கவில்லை. அவர் திரும்பவும் கூரையைப் பார்த்தார், இந்த முறை நிதானமாக. ரிவெட் அடித்த இடங்களைப் பார்த்தார். புது ஷீட் மூன்றையும் பார்த்தார். "வாஷர் எல்லாம் மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி ஒரு இன்ஜினியர் ஒரு ஃபிட்டரிடம் கேட்கிற கேள்வி. ஆமாம் என்றேன். தம்பி பின்னாலிருந்து முன்னே வந்து, தன் ஆபீஸ் கார்டு கழுத்தில் தொங்க, "நாங்க எல்லாத்தையும் போட்டோ எடுத்து வெச்சிருக்கோம் சார். ரிப்பேருக்கு முன்னாடி, பின்னாடி, ரெண்டும். கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்கு எடுத்துட்டுப் போறோம். நீங்க என்ன எழுதுறீங்களோ அதையும் சேர்த்துதான் குடுப்போம்" என்றான். மதியத்துக்குள் அவன் வேலைக்குக் கிளம்பிவிடுவான் என்று நினைத்திருந்தேன். அவன் போகவில்லை.

இன்ஜினியர் டைப் அடித்த தாளின் கீழே பேனாவால் எழுதினார். 'ஒரு இடத்தில் மட்டும் கசிவு உள்ளது. சரிசெய்யத் தக்கது.' கையெழுத்துப் போட்டார். மேலே இருந்த 'தகுதியற்றது' என்பதை அடிக்கவில்லை. ஒரே தாளில் ரெண்டும் இருந்தன. நான் போனில் போட்டோ எடுத்துக்கொண்டேன். குடையை விரித்துக்கொண்டு போகும்போது, "முகட்டு ஷீட் சேருற இடத்தைப் பாருங்க. தண்ணி அங்கேருந்துதான் வருது" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

அவர் சொன்னது சரி. அங்கேதான் ஓட்டை இருந்தது. வெயில் வந்த முதல் ஞாயிறு ஏறி அதையும் அடைத்தேன்.

அதற்குப் பிறகு இடிக்கவும் யாரும் வரவில்லை, நோட்டீசை எடுக்கவும் யாரும் வரவில்லை. எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம், பதில் இல்லை. ஒருநாள் நானே கொத்துக்கரண்டி வைத்துச் சுரண்டி எடுத்துவிட்டேன். திரும்ப ஒட்டலாம். மேலே இருக்கிற யாராவது அந்தத் தாளில் பாதியை மட்டும் படிக்கலாம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. மறுபடி வந்தால் மறுபடி கேட்பேன், எங்கே, எப்போது என்று.

கார்த்திகையில் ஆட்டோக்கார அண்ணாத்தயின் மகளுக்குக் கல்யாணம். அவர்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். செங்கல்பட்டில் மண்டபம் பார்க்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதற்கு, பெண் நம்ம கூடத்தில்தான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கிய நேரம் பார்த்து வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. தகரத்தின் மேல் அத்தனை மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மாப்பிள்ளையிடம் சம்மதமா என்று பாஸ்டர் மைக்கில் கத்தினார். அதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளை காதருகே கையை வைத்துக்கொண்டு "இன்னா?" என்றான். பெண் அவன் தோளைத் தட்டி, ஆமாம்னு சொல்லு என்று வாயசைத்தாள். நானூறு பேர் உட்கார்ந்து, ஒரு பாயையும் நகர்த்தாமல், என்ன சொல்கிறார்கள் என்றே தெரியாமல் ஆமென் என்றோம்.